ஐந்தரைக் கட்டை

"சத்தம் கேட்டா பட்டனை அழுத்துங்க பாட்டிம்மா. ரொம்ப லேசாக் கேட்டாலும் அழுத்துங்க. புரிஞ்சுதா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, பதிலை என் மருமகளிடம் எதிர்பார்த்தாள் அந்தப் பெண். இந்துஜாவும் எனக்காகத் தலையாட்டினாள். காது கேட்கிறதா என்று சோதித்துக்கொள்ள வந்தவளை விட்டுவிட்டு எல்லாரும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்கிறார்கள். பிறகு அந்தப் பெண் ஹெட்போனை என் தலையில் மாட்டப் பார்த்தாள், கொண்டையில் இடித்தது. கொடும்மா என்று வாங்கி நானே மாட்டிக்கொண்டேன். இருபது வயதில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் தலையில் ஏறியது இது, தாலியைக்கூட அப்புறம்தான் கட்டினார்கள். எனக்கு ஹெட்செட் மாட்டக் கற்றுத்தருகிறாள். சட்டையில் ஃபர்ஹானா என்று பெயர் குத்தியிருந்தது, நல்ல பெயர், முகமும் நல்ல முகம்தான், ஆனால் பாட்டிம்மா என்ன பாட்டிம்மா. கனத்த கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடிக்கு அந்தப்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள். சுவரெல்லாம் பஞ்சு. வெளியே இருந்த ஆஸ்பத்திரிச் சந்தடி கதவோடு போய்விட, உள்ளே நானும் அதுவும் மட்டும்தான். அது என்றால் இந்தக் காதுக்குள் கேட்கும் சத்தம், இடது காதில், ஓயாமல், நான் தூங்கும்போதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். டாக்டர் கேட்டார், எப்படிக் கேக்குது, வண்டு மாதிரியா, குக்கர் விசில் மாதிரியா என்று. ஐந்தரைக் கட்டை டாக்டர் என்றேன். அவரும் இந்துஜாவைத்தான் பார்த்தார். ஹார்மோனியத்தில் இடது ஓரத்திலிருந்து வெள்ளைக் கட்டைகளை எண்ணிக்கொண்டு வந்தால் ஐந்தாவது, பாட்டுக்காரி சௌந்தரத்தின் சுருதி, அதற்கு அடுத்து நிற்கும் கறுப்புக் கட்டை ஐந்தரை, அதுதான் இப்போது என் காதில் நிற்கிறது, எங்கேயோ உச்சாணியில் நின்றாலும் அதே ஸ்வரம்தான் என்று விளக்கப் பார்த்தேன். அவர் எழுதிக்கொண்டது என்ன தெரியுமா, விசில். இதோ ஒரு சத்தம், வலது காதில், பீப். அழுத்தினேன். இன்னொன்று, இன்னும் மெல்லிசாக. அழுத்தினேன். வலது காதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை என்று நான் சொன்னால் யார் நம்புகிறார்கள், அதற்கு ஒரு மெஷின் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. சௌந்தரத்துக்கும் அந்தச் சாட்சிதான் வேண்டுமாம். "டெஸ்ட் எடுத்துட்டு வா நீலா. காது சரின்னு சொன்னாங்கன்னா சனிக்கிழமைக் கச்சேரிக்கு வா. இல்லேன்னா நீ சிரமப்படாதே, நான் சுருதி மெஷினை வச்சுக்கறேன்." சிரமப்படாதே என்கிறாள், இத்தனை வருஷமும் அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து தம்புரா போட்டவளைப் பார்த்து.

பீப். அழுத்தினேன். போன கச்சேரி அன்றைக்கு மேடையில் ஏசி. அவர்கள் குளுகுளுவென்று வைப்பது ஜனங்களுக்காக, தம்புராத் தந்திக்குக் குளிரும் என்று எவன் நினைக்கிறான். ஒப்பனை அறையில் சேர்த்துக்கொண்டு வந்த சுருதி மேடை ஏறியதும் கலைந்துவிட்டது, திரை விலகுவதற்குள் திரும்பச் சேர்க்க வேண்டும். நான் உட்காருவது சௌந்தரத்துக்குப் பின்னால், கொஞ்சம் வலது பக்கமாகத் தள்ளி. அவள் தலையைத் திருப்பி ஸா என்று மெல்ல முனகுவாள், நான் பிருடையைத் திருகுவேன். எங்களுக்கு இடையில் சுருதிப் பெட்டியும் கிடையாது, செல்போனும் கிடையாது. நீலா இருக்கும்போது எனக்கு எதுக்குப் பெட்டி என்று பேட்டியில்கூடச் சொல்லியிருக்கிறாள், அந்தப் பேட்டியில் என் பெயரைத் தப்பாகப் போட்டார்கள், லீலா என்று, போகட்டும். அன்றைக்கும் அவள் முனகினாள். முனகியது என் இடது பக்கம். வலது பக்கத்தில் மிருதங்கக்காரர் கல்லால் தட்டித் தட்டிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார், அந்தக் காது முழுக்க அவருக்கே சரியாகிவிட்டது. இடது காதில் ஸா கேட்டது. சத்தியமாகக் கேட்டது. அதைப் பிடித்துத்தான் நாலு தந்தியையும் சேர்த்தேன், அவ்வளவு சுத்தமாக நான் எப்போதும் சேர்த்ததில்லை. திரை விலகியது, விரலால் மீட்டினேன், சௌந்தரம் வாயைத் திறந்தாள், திறந்த வாயை மூடினாள். அரைக் கட்டை தூக்கலாக நின்றது தம்புரா. நான் கேட்டது அவளுடைய ஸா இல்லை, என் காதுக்குள் நிற்கிற இந்தச் சனியன். சபை முழுக்கப் பார்க்கத் திரும்பினாள். சிரித்தாள், அவள் பல்வரிசை அழகு, ஊரே சொல்லும். "வச்சுடு நீலா" என்றாள் மைக்கில் விழும்படி. கைப்பையிலிருந்து செல்போனை எடுத்து, ஏதோ தட்டி, மைக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்படியென்றால் அந்தச் சுருதி செல்போனில் முன்பே இருந்திருக்கிறது! எனக்குத் தெரியாமல் வைத்திருந்திருக்கிறாள். ஜனங்கள் கைதட்டினார்கள், எதற்கென்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். நான் தம்புராவை மடியில் சாய்த்துக்கொண்டு, மீட்டாமல், இரண்டரை மணி நேரமும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நடுவில் எழுந்து போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், சௌந்தரத்துக்குத்தானே கெட்ட பெயர் என்று நினைத்தேன். அவளுக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாதே என்று நினைத்தேன் பாருங்கள், அதற்காகவே என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பீப். வந்ததா இல்லையா, வந்தது, அழுத்தினேன். எல்லாம் ஒன்பதாம் வகுப்பில் ஆரம்பித்தது. நாகப்பட்டினத்தில் எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் காலையில் கடவுள் வாழ்த்தை எடுத்துக் கொடுப்பவள் நான். கடல்காற்று அடிக்கும் மைதானத்தில் மைக் கிடையாது, ஹார்மோனியம் கிடையாது, நான் எடுத்த இடம்தான் சுருதி, அத்தனை பெண்களும் அங்கே வந்து சேர்ந்துகொள்வார்கள். அபிராமசுந்தரி டீச்சர் ஒரு நாள் பாட்டு அறைக்குக் கூட்டிப்போய் ஹார்மோனியத்தில் வைத்துப் பார்த்து, "நீலா, நீ தினமும் ஐந்தரைல எடுக்கறேடி, ஒரு நாள்கூடத் தப்பல" என்றார்கள். பெயர் வைத்ததுபோல இருந்தது எனக்கு. அப்புறம் பத்தாம் வகுப்பில் சௌந்தரவல்லி வந்து சேர்ந்தாள். தாலுகா ஆபீஸுக்கு அவள் அப்பாவுக்கு மாற்றல். குரல் என்றால் அது குரல்தான், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன், என் கோபம் அந்தக் குரல் மேல் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து பாடுங்கள், போட்டிக்கு அனுப்புகிறேன் என்றார்கள் டீச்சர். பாடிப் பார்த்தோம். மேலே போகும்போது சௌந்தரத்துக்கு முகம் சிவந்தது. டீச்சர் ஹார்மோனியத்தில் விரலைக் கறுப்பிலிருந்து வெள்ளைக்குத் தள்ளி வைத்தார்கள். "அவளுக்கு ஏறாது. நீதான் இறங்கணும்." அரைக் கட்டைதானே, அது ஒரு பெரிய விஷயமா, நானும் இறங்கினேன். இறங்கினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. கீழே போகிற இடத்தில் என் குரல் காற்றாகிவிடும், அவள் குரல் மட்டும் நிற்கும், கேட்கிறவர்களுக்கு ஒருத்தி பாடுகிறாள், இன்னொருத்தி கூட இருக்கிறாள், அவ்வளவுதான். அந்தப் போட்டிக்குக்கூட நான் போகவில்லை. டைஃபாய்டு. கஞ்சியும் சாத்துக்குடியுமாகப் படுத்துக் கிடந்தேன், முடியெல்லாம் கொட்டியது. சௌந்தரம் தனியாகப் போய் முதல் பரிசு வாங்கிக்கொண்டு நேராக என் கட்டிலுக்கு வந்து வெள்ளிக் கிண்ணத்தைக் காட்டினாள். "நீ இருந்தா நல்லா இருந்திருக்கும்டி" என்றாள். மனதாரத்தான் சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது, அவள் என்றைக்கும் மனதாரத்தான் எல்லாம் சொல்வாள், சண்டை போட ஒரு பிடி கொடுத்தால்தானே.

"பாட்டிம்மா, வலது முடிஞ்சுது. இப்ப இடது" என்று ஹெட்போனுக்குள் ஃபர்ஹானாவின் குரல். இடது. வா, இதற்குத்தானே வந்தோம். எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டருக்கெல்லாம் இடது காதுதான், வலது கை எழுத வேண்டுமே. நம்பர் ப்ளீஸ், ஹோல்ட் த லைன், மூணு நிமிஷம் முடிஞ்சுது, எக்ஸ்டெண்ட் பண்ணவா. பாட்டுக்காரி ஆகியிருக்க வேண்டியவள் என்று யாரும் எனக்காக அழவில்லை, அரசாங்க உத்தியோகம், வீட்டில் பால் பாயசம் வைத்தார்கள். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஊரில் ஒவ்வொருத்தரின் ஹலோவும் எந்த ஸ்வரத்தில் நிற்கும் என்று எனக்குத் தெரியும், பிளக்கைச் சொருகி, அவர்கள் வாயைத் திறந்ததுமே அரிசி மண்டிக்காரரா அவர் தம்பியா என்று சொல்லிவிடுவேன். சாவுச் செய்தி வருகிற டிரங்க் காலுக்கு ஒரு சுருதி உண்டு, விஷயத்தைச் சொல்வதற்கு முன்னாலேயே குரல் இறங்கியிருக்கும். அப்புறம் அந்த ஐப்பசி மழை. இடி மின்னல் என்றால் போர்டை விட்டு எழுந்துவிட வேண்டும் என்பது விதி, எழுந்தால் டெலிபோன் கால்கள் தேங்கும் என்பது சூப்பர்வைசரின் விதி. "யாரும் எந்திரிக்கக் கூடாது, ஜோலியைப் பாருங்க" என்று பின்னால் நடந்துகொண்டிருந்தார். எங்கேயோ கம்பியில் இடி விழுந்தது, ஹெட்செட் வழியாக நேராக என் மண்டைக்குள் வந்தது. வெள்ளையாக ஒரு சத்தம், வேறு எப்படிச் சொல்வது. நாற்காலியோடு சரிந்தேன். தண்ணீர் கொடுத்தார்கள். "ஒண்ணும் ஆகலல்ல, அந்தத் திருவாரூர் கால் ரொம்ப நேரமா நிக்குது பாருங்க" என்றார் அவர். எழுந்து உட்கார்ந்து, வலது காதுக்கு மாற்றி மாட்டிக்கொண்டு, திருவாரூரைக் கொடுத்தேன். கொடுத்தேனே! பின்னால் இலாகா டாக்டரிடம் போய் இரைச்சலாக இருக்கிறது என்று சொன்னபோது, சின்ன வயசில் டைஃபாய்டு வந்ததா என்று கேட்டார். வந்தது என்று சொன்னதும் அவருக்கு முகமெல்லாம் நிம்மதி. அப்படின்னா அதுதான், டைஃபாய்டு காதைத் தின்னுடும் என்று முடித்துவிட்டார். என் காய்ச்சல்கூட அவர்களுக்குத்தான் உதவியாக இருந்தது.

சத்தம் வருகிறது, அழுத்தினேன். திரும்ப வருகிறது, அழுத்தினேன். நன்றாகத்தான் கேட்கிறது, யார் சொன்னது கேட்கவில்லை என்று, இதோ மறுபடியும், அழுத்து. சனிக்கிழமைக்குப் பச்சைப் புடவை. பின்னால் உட்காருகிறவள் பாடுகிறவளுடைய புடவையைவிட ஒரு மட்டம் கம்மியாகக் கட்ட வேண்டும், எழுதாத சட்டம், அதையும் ஒரு நாள் மீறியதில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் என் வீட்டுக்காரர் சொன்னார், "சௌந்தரத்தோட போறதுன்னா போ. பின்னாடிதானே உக்காரப் போறே." தாராளம். அதற்கு நன்றிகூடச் சொன்னேன். போய்ச் சேர்ந்துவிட்டார், அவரை இப்போது திட்டி என்ன. ஆனால் திட்டுகிறேன். ஒவ்வொரு மேடையிலும் நான் பார்த்தது சௌந்தரத்தின் பிடரியைத்தான். முகத்தைவிட எனக்கு அதுதான் பழக்கம். பின்னலில் நரை ஏறியதையும், அவளே அறியாமல் பிடரியில் ஒரு மரு வளர்ந்ததையும் நான்தான் முதலில் பார்த்தேன், டாக்டரிடம் காட்டு என்று சொன்னதும் நான்தான். மேலே பிடித்து நிற்கும்போது அந்தக் கழுத்து எங்கே இறுகும், எங்கே மூச்சு போதாமல் போகும் என்று அவளுக்கு முன்னால் எனக்குத் தெரியும், அங்கே தம்புராவைக் கொஞ்சம் அழுத்தி மீட்டுவேன், அவள் அதில் சாய்ந்துகொண்டு போய்விடுவாள். இதை அந்தச் செல்போன் செய்யுமா. செய்யாது. ஆனால் செய்யாதது யாருக்குத் தெரியப்போகிறது, அன்றைக்கு இரண்டரை மணி நேரம் நான் இல்லாமலே பாடினாளே, நன்றாகத்தானே பாடினாள். இந்த இடத்தில்தான் ஒவ்வொரு ராத்திரியும் வந்து மாட்டிக்கொள்கிறேன். இதற்கு அப்பால் நினைப்பு போக மாட்டேன் என்கிறது. பீப், அழுத்து. நன்றாகத்தானே பாடினாள். அழுத்து. அழுத்து.

"அம்மா, ஒரு நிமிஷம்." பாட்டிம்மா அம்மாவாகியிருந்தது, குரலும் மெதுவாகியிருந்தது. "நீங்க அழுத்திக்கிட்டே இருக்கீங்க. நான் இன்னும் சத்தமே கொடுக்கலைம்மா." கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவள் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. பட்டனைப் பிடித்திருந்த கட்டைவிரல் வலித்தது. அப்படியானால் போய்விட்டது. இத்தனை நாள் அரைகுறையாகத் தெரிந்துகொண்டிருந்தது இப்போது முழுக்கத் தெரிந்துவிட்டது, வெளியிலிருந்து வருவது எதுவும் அந்தக் காதுக்கு வரவில்லை, அது தானாகவே ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நிற்கிறது. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை, எனக்கு ஆத்திரம்தான் வந்தது. "நீங்க கேட்டு அழுத்துற சத்தம் எப்படிம்மா இருக்கும்? நான் சில சத்தம் குடுக்கறேன், இதுவா அதுவான்னு சொல்றீங்களா?" என்றாள். வண்டா விசிலா என்று கேட்கவில்லை, அதற்காக அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று. "ஒண்ணும் குடுக்க வேண்டாம்மா. நானே பாடிக் காட்டறேன்" என்றேன். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தேன். கண்ணை மூடினேன். அது நின்றுகொண்டிருந்தது, அசையாமல், பிசிறில்லாமல், எந்த ஏசியும் தொட முடியாத இடத்தில். அதற்குக் கீழே, அதே ஸ்வரத்தில், ஸா என்று வைத்தேன்.

பஞ்சுச் சுவர் குரலைத் திருப்பித் தராது. மேடையில், கோயிலில், குளியலறையில்கூடக் கொஞ்சமாவது திரும்பி வரும், இங்கே வாயிலிருந்து போனது போனதுதான், அதனால் ஏமாற்ற முடியாது. கிழட்டுக் குரல். மூச்சு நடுங்கியது. ஆனால் அங்கிருந்து கீழே இறங்கிப் பார்த்த இடத்தில் காற்றாகவில்லை! கீழே திடமாக நின்றது, அரைக் கட்டை உயரத்தில் வைத்தால் எனக்குக் கீழேயும் குரல் இருக்கிறது, எப்போதும் இருந்திருக்கிறது, ஒன்பதாம் வகுப்போடு அதை மூடி வைத்துவிட்டு, எனக்குக் கீழே குரல் கிடையாது என்று நானே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். எனக்குக் குரல் இல்லை, எனக்குத் தம்புராதான் வரும் என்று இந்துஜாவிடம்கூடச் சொன்னேனே, பெண் பார்க்கப் போன அன்றைக்கே. அந்தப் பழைய கடவுள் வாழ்த்தை எடுத்தேன். மைதானமும் கடல்காற்றும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை, வரவும் வேண்டாம், அடுத்த சங்கதி வருமா வராதா என்பதில்தான் என் உயிர் இருந்தது. மேல் ஸட்ஜத்தில் குரல் உடைந்தது. உடையட்டும், திரும்பப் போனேன், இரண்டாம் முறையும் உடைந்தது, மூன்றாம் முறை ஒரு கணம் நின்றது. கண்ணைத் திறந்தால் ஃபர்ஹானா எழுதாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்குப் பின்னால் இந்துஜா வாயில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். நல்லது, நிற்கட்டும்.

இடது காதுக்கு மீதிச் சோதனையும் முடிந்து வெளியே வந்ததும் ஃபர்ஹானா தாளை என்னிடமே கொடுத்தாள், மருமகளிடம் இல்லை. "இடது காது ஏறக்குறைய போயிடுச்சும்மா. அந்தச் சத்தம் இருக்கும், பழகிக்கணும். வலது காது என் காதைவிட நல்லா இருக்கு. உக்காரும்போது எல்லாரையும் வலது பக்கமா வச்சுக்கோங்க, எந்த வேலையும் செய்யலாம்." எந்த வேலையும் செய்யலாமாம். அதாவது சனிக்கிழமை போகலாம், இடத்தை மட்டும் மாற்றி உட்கார வேண்டும், அவளுக்குப் பின்னால் இடது பக்கமாகத் தள்ளி. அவ்வளவுதானா. இவ்வளவு சின்ன விஷயத்துக்கா அந்தச் சபையில் என்னை வச்சுடு நீலா என்றாள், என்னடி ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இடத்தை மாற்றி உட்கார்ந்திருப்பேனே. கேட்கவில்லை. இந்துஜா செல்போனை நீட்டினாள். "சௌந்தரம் அத்தை ரெண்டு தடவை கூப்பிட்டாங்கத்தை. ரிசல்ட் என்னன்னு கேட்டாங்க. நீங்க உள்ள..." என்று இழுத்தாள். "பாடிட்டிருக்காங்கன்னு சொல்ல வேண்டியதுதானே" என்றேன். நானே எண்ணைத் தட்டினேன். வலது காதில் வைத்துக்கொண்டேன். அவளுடைய ஹலோ அதே ஐந்தில் நின்றது.

"என்னடி சொன்னாங்க? காது சரிதானே?"

"சரிதான். வலது காது ரொம்ப சுத்தமாம்."

"அப்பாடா. அப்ப சனிக்கிழமை வந்துடு. நானும் அந்த மெஷினோட மல்லுக்கட்ட வேண்டாம். அன்னிக்கு நடந்ததை மனசுல வச்சுக்காதே, என்ன?" மனதாரத்தான் சொன்னாள்.

"சனிக்கிழமைக்கு நீ மெஷினையே வச்சுக்கோ சௌந்தரம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க வீட்டுக்கு வா. தம்புராவை நீ எடுத்துட்டு வா, ஐந்தரையில சேர்த்துக்கோ."

ஆபரேட்டர் காலத்து வழக்கம், லைன் இருக்கிறதா என்று மூச்சைக் கேட்டுப் பார்த்தேன். இருந்தது.

"ஐந்தரையா? எனக்கு அது ஏறாதேடி நீலா. உனக்குத் தெரியாதா?"

"உன்னை யாருடி பாடச் சொன்னா?" என்றேன்.